முதுகு சார்

“திரும்பு, திரும்பு! சூரியனுக்கு முதுகக் காட்டு. கழுத்தத் திருப்புனே, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்!”

சிவநேசன் சார் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைத் திடலில் வரிசையாக நிறுத்திவிட்டு, சிறைக் காவலரைப் போல அவர்களுக்குப் பின்னால் நடக்கிறார். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சப்பாத்துப் பெட்டி. பெட்டியின் ஒரு பக்கத்தில் ஊசித் துளை, எதிர்ப்பக்கத்தில் வெள்ளைத் தாள். பின்னாலிருந்து தோளைத் தாண்டி வரும் வெயில் துளைக்குள் நுழைந்து தாளில் சின்ன வட்டமாக விழுகிறது.

“பொட்டு மாரி இருக்கு சார்!”

“அந்தப் பொட்டுக்குள்ள, இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும், நம்ம பூமிய நூத்துக்கு மேல அடுக்கலாம்லா.”

சூரியனைப் பற்றிய பாடத்தைச் சூரியனுக்கு முதுகைக் காட்டியே நடத்துவதால் பிள்ளைகள் வைத்த பெயர் ‘முதுகு சார்’. சக ஆசிரியை நித்தியாவும் விடுவதில்லை. “ஏன் சார், சூரியன் ஒங்களுக்குக் கடன்காரனா? மூஞ்சியவே பாக்க மாட்றீங்க!” என்று சீண்டுவார். சார் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

மற்றபடி வானம் என்றால் மனிதருக்குச் சோறு வேண்டாம். புக்கிட் செந்தோசாவிலிருந்து விடியுமுன் கிளம்பி, பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் பள்ளிக்கு வருகிறவர், வழியில் வெள்ளிக் கிரகம் தெரிந்தால் காரை ஓரங்கட்டிவிடுவார். வகுப்பில் வியாழனைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் விரித்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பார், பிள்ளைகள் மேசையைத் தட்டிக் கூச்சல் போடுவார்கள். கிரகணப் பாடம் வந்தால்தான் ஆள் சுருங்கிப் போகிறார். டார்ச்லைட்டையும் பிங்பாங் பந்தையும் காட்டி, ஒரே பாட வேளையில் முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுவார்.

ஆறு வருடத்துக்கு முன், டிசம்பர் விடுமுறையில், ஒரு நண்பகல் சூரிய கிரகணம். சார் ஆசையோடு வந்து தோட்டத்துப் பிள்ளைகளைக் கோயில் திடலில் கூட்டினார். அதற்கான கண்ணாடி கைவசம் இல்லை. வீட்டில் இருக்கும் எக்ஸ்ரே படங்களைக் கொண்டுவாருங்கள், இரண்டைச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள் என்றார். சின்ன வயதில் அவரும் அப்படித்தான் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் எக்ஸ்ரேக்கா பஞ்சம்? அலமாரிக்கு மேலிருந்த நெஞ்செலும்புகளெல்லாம் திடலுக்கு வந்தன.

அந்தப் பிள்ளைகளில் விஷாலினி ஒரே ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். செம்பனைக் குலை விழுந்து முறிந்த அவள் அப்பா ஐயாவுவின் கால். எக்ஸ்ரேயில் எலும்பு இருக்கும் இடம் வெளுப்பாக இருக்கும், கறுத்த இடத்தைவிட அதன் வழியே வெளிச்சம் கூடுதலாக வரும். அப்பாவின் எலும்பு வழியாகத்தான் அவள் சூரியனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சார் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்: “பாருங்க, விஷாலினி எப்படிக் கண்ணெடுக்காமப் பாக்குறா! அவதான் நாளைக்கு விஞ்ஞானி.”

சாயங்காலமே இரண்டு கண்ணிலும் நட்டநடுவே கறுப்பு விழுந்துவிட்டது. அது போகவேயில்லை. படிப்பு பாதியில் நின்றது. பின்னாளில் செரண்டாவில் தொழிற்சாலை வேலைக்குப் போன இடத்தில், ஆணி எது துளை எது என்று தெரியாத பிள்ளையை மறுநாளே திருப்பி அனுப்பினார்கள்.

கண் போன அந்த நாட்களில், அடி, உதை, புகார் எதற்கும் சார் தயாராகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆனால் அவள் அம்மா புஷ்பா அவரைப் பார்த்ததும் அழுதுகொண்டே சொன்னார்: “கெரகண தோசம் சார். தெனம் பாக்குற சூரியந்தானே, அன்னிக்கு மட்டும் ஏன் சுட்டுச்சு? நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க.”

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒரே ஆள் அங்கே அவர்தான். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து கிரகணம் அவருக்குக் குடையாக நின்றது. தீபாவளி தவறாமல் அந்த வீட்டுக்குப் போவார், புஷ்பா தரும் தேநீரைக் குடிப்பார், ராகுவின் மேல் பழி விழுவதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவார். பாவம் என்று சொல்வதா, கோழை என்று சொல்வதா? இரண்டையும் சொல்லலாம்.

இந்த வருடம் விஷாலினியின் தங்கை துளசி ஆறாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள்.

“கெரகணம்னா நெழலு, அவ்வளவுதான்,” என்று சார் பந்தை டார்ச்சுக்கு முன்னால் பிடித்தார். “நெழலு யாரையும் ஒன்னும் செய்யாது.”

துளசி எழுந்து நின்றாள். “பொய் சார். எங்கக்கா கண்ணக் கெரகணந்தான் எடுத்துச்சு. அம்மா சொன்னாங்க.”

வகுப்பு மொத்தமும் அவரைப் பார்த்தது. ‘உட்காரும்மா’ என்று ஒரு வார்த்தை போதும், குடை கையிலேயே இருக்கும். ஆனால் வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளும் அந்தப் பொய்யோடு வீட்டுக்குப் போவார்கள். சார் டார்ச்சை அணைத்தார்.

“கெரகணம் இல்லம்மா,” என்றார். “சார்தான்.”

பள்ளி விட்டதும் துளசியோடு லயத்துக்குப் போனார். புஷ்பா வழக்கம்போல் தேநீர் கொண்டுவந்தார். சார் உட்காரவில்லை. விஷாலினி சுவரோரம் பாயில் இருந்தாள். யாரையாவது பார்க்க வேண்டுமானால் அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வாள். நேரே பார்த்தால் எதிரில் இருப்பவர் அந்தக் கறுப்புக்குள் மறைந்துவிடுவார். சார் உள்ளே நுழைந்ததும் அப்படித்தான் திருப்பிக்கொண்டு, “வாங்க சார்,” என்றாள்.

“அன்னிக்குக் கேட்டீங்களே, அன்னிக்கு மட்டும் ஏன் சுட்டுச்சுன்னு,” என்று சார் புஷ்பாவிடம் ஆரம்பித்தார். “சும்மா பாத்தா கண்ணு கூசும், நாமளே திரும்பிக்குவோம். எக்ஸ்ரேல மங்கலாத் தெரிஞ்சதுனால அவளுக்குக் கூசல. ஆனா சூடு உள்ள போயிக்கிட்டேதான் இருந்துச்சு. கொண்டாரச் சொன்னது நான். ஒத்தப் படம் வச்சிருந்தத கவனிக்காம விட்டதும் நாந்தான். கண்ணெடுக்காமப் பாக்குறான்னு மெச்சுனதும் நாந்தான்.”

புஷ்பா தேநீரைக் கீழே வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஆறு வருசமா எங்க வீட்டு டீயக் குடிச்சீங்களே சார்?”

சார் விஷாலினியின் பக்கம் திரும்பினார். அவள் இன்னும் சுவரைப் பார்த்தபடி, ஓரக்கண்ணால் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மெல்ல முகத்தைத் திருப்பி, அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.