இருட்டு வீட்டில் கணக்கு டீச்சர்

தொண்ணூறுகளின் கடைசியில், டீச்சரான நானும் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரும் ஒரே மருத்துவ முகாமில் பரிசோதனை செய்துகொண்டோம். இருவருக்கும் கருப்பை வாயில் திட்டு. வைரஸால் வந்தது, இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, விட்டுவைத்தால் ஆகலாம் என்றார் டாக்டரம்மா.

"ரெண்டு வழி இருக்கு. லேசர்ல அந்த எடத்த மட்டும் சுட்டு எடுத்துருவோம். இன்னொண்ணு இப்பத்தான் செஞ்சு பாக்குறோம். ஊசியில மருந்து ஏத்தி, அது கெட்ட செல்லுல தங்குனதும் செவப்பு வெளிச்சத்தக் காட்டுவோம். அதுக தானாச் செத்துரும். ஆனா மருந்து ஒடம்ப விட்டுப் போற வரைக்கும் சில வாரம் வெயில் படக் கூடாது. பட்டா தோல் வெந்துரும்."

எனக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். லேசர் என்றேன். அவளுக்குக் குழந்தை இல்லை. "பிள்ள பெத்துக்க லேசராலயும் பெருசாத் தடை வராதும்மா" என்று டாக்டர் சொல்லியும், 'சுடுவது' என்ற சொல்லுக்கே பயந்து வெளிச்சத்தைக் கேட்டாள்.

லேசர் அன்று எனக்கு வலிக்கவில்லை. மரத்துப்போன உடம்பிலிருந்து மெல்லிய புகை எழுந்து ஒரு குழாய்க்குள் போனது. ஏதோ கருகும் வாடை. அது என் வாடை என்று புரியக் கொஞ்ச நேரமானது.

அவளைப் பார்க்கக் கோரிப்பாளையம் வீட்டுக்கு ஒரு மதியம் போனேன். கணவருக்கு வெளியூர் வேலை. கதவு ஒரு சாண் திறந்தது.

"சீக்கிரம் உள்ள வாங்க டீச்சர், வெளிச்சம் வருது."

உள்ளே என் கையே எனக்குத் தெரியவில்லை.

"சேலையில சாக்பீஸ் அப்பியிருக்கு, தட்டி விடுங்க" என்றது குரல்.

கண் பழகியபோது எதிர்ச்சுவரில் மனிதர்கள் தெரிந்தார்கள். தலைகீழாக, சத்தமில்லாமல் நடந்தார்கள். மூடிய ஜன்னல் கதவில் ஓர் ஆணித்துளை. அதன் வழியே தெருவின் பிம்பம் உள்ளே வந்து விழுந்திருந்தது.

"நாளெல்லாம் இதத்தான் பாக்குறேன். நீங்க வந்ததையும் பாத்தேன். இந்தா, மாமியா வாராங்க. நோய் ஒட்டிக்கிரும்னு பயம். கதவத் தொடமாட்டாங்க."

சுவரில் ஒரு பெண் தலைகீழாக நின்றாள். அதே கணம் வாசலில் தூக்குவாளி வைக்கும் ஓசை கேட்டது. பிறகு அந்த உருவம் சுவரை விட்டுப் போனது.

அவள் என் விரலைப் பிடித்துத் தன் புறங்கையில் வைத்தாள். கொப்புளம்.

"மருந்து போயிருச்சான்னு தொளைகிட்ட வெயில்ல கைய வச்சுப் பாத்தேன். போகல."

துளையைக் காகிதத்தால் அடைத்துவிட்டு நேரே டாக்டரிடம் ஓடினேன்.

"வெயில்தான் ஆகாது. வீட்டுக்குள்ள மங்குன பல்பு போட்டுக்கலாம்னு சொன்னேனே! யாரு அம்புட்டு இருட்டுல இருக்கச் சொன்னது?" என்று அவர் பதறினார். அன்றே கொப்புளத்துக்கு மருந்து கொடுத்தார். நான் திரும்பிப் போய் ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டேன். அவள் என்னை யாரோ போலப் பார்த்தாள்.

சில மாதம் கழித்து என் திட்டு முழுக்கப் போயிருந்தது. அவளுடையதில் கொஞ்சம் மிச்சம். மறுபடி வெளிச்சமா, லேசரா என்று கேட்டார்கள்.

"லேசரே செய்ங்க. இன்னொரு தடவ அந்த ரூமுக்குள்ள போனா வெளிய வரணும்னு எனக்குத் தோணாது."

லேசரில் அது போய்விட்டது. ஆனால் அடுத்த வருடம் எனக்கு ஒரு பொட்டளவு திரும்ப வந்தது. எந்த முறையில் செய்தாலும் வைரஸ் உள்ளேயே தங்கலாம், பரிசோதனையை மட்டும் விடாதீர்கள் என்றார் டாக்டர். நானும் அவளும் சேர்ந்தே போய்வருகிறோம்.