ஏழு வருடக் கல்லூரி ஓட்டம்

எங்கள் பாடசாலையின் விளையாட்டுப் போட்டிகளை நான் எழுதி வைக்கத் தொடங்கியது, அங்கே படிப்பை முடித்து கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாகச் சேர்ந்த பிறகு. யாரும் கேட்டு எழுதவில்லை. போட்டி நாளில் நேரக்கணிப்பாளர்களின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுக்கொள்வேன். திகதி, காற்று எந்தப் பக்கம், ஓடுபாதைக்குச் சுண்ணாம்பு எப்போது போட்டார்கள், எந்த இல்லத்து அணி, என்ன நேரம் எல்லாம் எழுதுவேன். ஒரு கொப்பி முடிந்தால் அடுத்த கொப்பி.

1984இல் அமெரிக்காவில் ஒலிம்பிக் நடந்தபோது வானொலியில் வந்த முடிவுகளையும் அப்படியே எழுதினேன். இரண்டு வருடம் கழித்து, கொக்குவில் வாசிகசாலையில் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகை கிடைத்தது. அந்த ஒலிம்பிக்கில் ஓடிய சிலர் ஒரே சிறிய ஊரில் இருந்து வந்தவர்கள் என்றும், அந்த ஊருக்குக் கல்லூரியைத் தவிர வேறு பிழைப்பு இல்லை என்றும் ஒரு கட்டுரை. கடைகளுக்குக் கல்லூரியின் நிறத்தில் வர்ணம் பூசியிருந்தார்கள். வீட்டுக்காரர்கள் மாணவருக்கு அறை கொடுத்தார்கள். சலூன்காரனுக்கு ஓட்டக்காரர்களின் நேரங்கள் மனப்பாடம். படங்களில் நிறைய மரங்களும் சைக்கிள்களும் இருந்தன. அவற்றைப் பார்த்தபோது நான் அந்நியமாக உணரவில்லை. யாழ்ப்பாணமும் அப்படி ஒரு ஊர்தானே. இங்கும் சந்திக்குச் சந்தி கல்லூரி, தேநீர்க் கடையில் எந்தக் கல்லூரி வென்றது என்று சண்டை, பின்னேரம் தெருவெல்லாம் வெள்ளைச் சீருடை. எங்களுக்கு ஒலிம்பிக் ஓட்டக்காரன் மட்டும்தான் இல்லை என்று நினைத்தேன்.

ஒருவன் இருக்கிறான் என்றும் நினைத்தேன். குருநகரில் இருந்து வந்து எங்கள் பாடசாலையில் படித்தவன். நானூறு மீற்றர் ஓடுபவன். தகப்பன் கடற்றொழில். 1984க்குப் பிறகு கடலுக்குப் போவதே ஆபத்தாகிவிட்டதால் வள்ளம் பெரும்பாலும் கரையில் கிடந்தது. அவனுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன: ஏஜென்சிக்காரனைப் பிடித்து வெளிநாடு போவது, இயக்கத்துக்குப் போவது, அந்த வள்ளத்தில் ஏறுவது. ஓடிப் போகலாம் என்ற நான்காவது வழியைச் சொன்னவன் நான்தான்.

சஞ்சிகையை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அண்ணை, அங்கை ஓடினால் சாப்பாடும் தருவினமோ?"

"ஓம். இருக்க இடமும் படிப்பும்."

"ஓடுறதுக்கோ? கோட்டையிலை இருந்து ஆமி ஷெல் அடிக்கேக்கை இஞ்சை எல்லாரும் சும்மாதான் ஓடுகினம்."

அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த தாய் தலை நிமிராமல் சொன்னார்: "உவன் பகிடி விடுவான், தம்பி. நீங்கள் எழுதுங்கோ. எங்கையெண்டாலும் போகட்டும், உயிரோடை."

1986 நவம்பரில் அந்த அமெரிக்கக் கல்லூரிக்கு எழுதினேன். அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு தட்டச்சு இயந்திரத்தில் அடித்த மூன்று பக்கக் கடிதம். முதல் வரியிலேயே அவன் ஒரு கல்லூரி ஓட்டவீரன் என்று எழுதினேன். ஏழாம் வகுப்பில் அவன் ஓடிய முதல் போட்டியில் இருந்து, 1980 தொடக்கம் 1986 வரை ஒவ்வொரு வருடமும் கல்லூரிக்காக ஓடிய திகதிகளையும் நேரங்களையும் ஒழுங்காகப் போட்டேன். என் கொப்பிகளுக்கு ஒரு பயன் கிடைத்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை.

பதில் அடுத்த ஓகஸ்டில்தான் வந்தது. சண்டை நின்ற கையோடு, தேங்கிக் கிடந்த தபால்கள் எல்லாம் ஒன்றாக வந்த நாட்கள் அவை. மரியாதையான கடிதம். நேரங்கள் தங்களுக்குப் பிடித்திருப்பதாகவும், ஆனால் ஒருவர் கல்லூரிக்காக நான்கு வருடமே ஓடலாம் என்பது விதி என்பதால், ஏற்கெனவே ஏழு வருடம் ஓடியவரைச் சேர்க்க இயலாது என்றும் எழுதியிருந்தார்கள்.

எனக்கு இரண்டு நாள் விளங்கவில்லை. மூன்றாம் நாள் சஞ்சிகையைத் திரும்ப வாசித்தபோது விளங்கியது. அவர்களுடைய கல்லூரி, பள்ளிக்கூடத்தை முடித்த பிறகு போகிற இடம். எங்கள் ஊரில் பால்பல் விழாத பிள்ளையும் கொலிஜ்ஜுக்குத்தான் போகிறது. அந்தக் கட்டுரையைப் பத்துத் தடவைக்கு மேல் வாசித்திருப்பேன். ஒரு தடவைகூட அந்தச் சொல்லில் நான் தடக்கவில்லை.

அவனிடம் சொல்லப் போனேன். தெருவோரம் வலை உலர்த்திக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் கூடுதலா ஓடிட்டன் எண்டுறாங்கள்," என்றான்.

"பிழை என்னிலைதான். பள்ளிக்கூடம் எண்டு எழுதியிருக்கோணும்."

"இல்லாட்டி நாலஞ்சு வருசத்தைக் குறைச்சு எழுதியிருக்கலாம். நீங்கள் ஒண்டையும் விடமாட்டியளே."

திருத்தி எழுதினேன். அனுப்பியது ஒக்டோபர் முதல் வாரம். இரண்டாவது வாரம், சமாதானம் காக்க வந்த இந்திய இராணுவத்தோடு இயக்கத்துக்குச் சண்டை தொடங்கியது. தபாற்கந்தோர் திறந்தபோது கடிதம் போன இடம் யாருக்கும் தெரியவில்லை. 1988 ஜனவரியில் மறுபடியும் அடித்து அனுப்பினேன்.

ஏப்ரலில் பதில் வந்தது. விளங்கிக்கொண்டார்கள். இடம் இருக்கிறது என்றார்கள். இந்த வருடத்தில் ஓடிய நேரம் ஒன்று, திகதியோடும் அத்தாட்சியோடும், ஜூன் முடிவதற்குள் வேண்டும்.

அந்த வருடம் போட்டி நடக்கவில்லை. மைதானத்தில் இராணுவக் கூடாரங்கள் நின்றன.

அவன் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் பார்த்தான். "கூடாரத்தைச் சுத்தி ஓடட்டோ, அண்ணை?"

நான் சிரிக்கவில்லை. தெருவில் ஓடிய நேரத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள், வேறு மைதானம் பார்ப்போம் என்றேன். வேறு மைதானங்களும் அப்படித்தான் இருந்தன. மே கடைசியில் அவனாகவே என் வீட்டுக்கு வந்தான். படலைக்குள் சைக்கிளை ஓட்டி வந்து, அதிலிருந்து இறங்காமலே கேட்டான்.

"எண்பத்தாறிலை ஓடினது என்ரை நேரம்தானே?"

"ஓம்."

"அதையே போடுங்கோ. ஆறை எட்டாக்கிப் போடுங்கோ. ஒரு இலக்கம்தான். அவங்கள் வந்து பாக்கப்போறாங்களே?"

முடியாது என்றேன். பிழையான திகதிக்கு அத்தாட்சி கொடுத்தால் என் கொப்பிகள் எல்லாவற்றுக்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று விளக்கினேன். அதை நிதானமாக, நல்ல காரணங்களோடு சொன்னேன் என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது. அவன் வாதாடவில்லை.

"சரி அண்ணை, வாறன்," என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு வரவில்லை. ஜூன் முடிந்தது. வருடம் முடிவதற்குள் அவன் தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். 1990இல் மறுபடி சண்டை தொடங்கிய பிறகு அதுவும் இல்லை என்றார்கள். கேட்டதைக் கொப்பியில் எழுதினேன். அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை.

பிறகு அவனைக் கண்டது 1995 ஒக்டோபர் 30 இரவு. இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணம் முழுவதும் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மழையில் சனம் நெருங்கி நின்றது. காலை எடுத்து வைக்க ஒரு அடி கிடைப்பதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. என் சைக்கிளின் முன் கூடையில், பொலித்தீனில் சுற்றிக் கொப்பிகள். எனக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள். பின் கரியரில் ஒரு கிழவியைக் கயிற்றால் கட்டி இருத்தியிருந்தார்கள். தாயைத்தான் முதலில் அடையாளம் கண்டேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கூடையைப் பார்த்தான்.

"எல்லாத்தையும் கொண்டு வாறியளோ, அண்ணை?"

"ஓம்."

"என்ரை நேரமும் அதுக்கை இருக்கோ?"

"இருக்கு."

"என்ன வருசம் போட்டிருக்கு?"

"எண்பத்தாறு."

முன்னால் சனம் ஒரு அடி நகர்ந்தது. அவன் சைக்கிளை ஒரு அடி தள்ளினான். தாயின் தலை ஒரு பக்கம் சரிந்தது. நிமிர்த்தி, நனைந்த துவாயை மறுபடி போர்த்திவிட்டான்.

"சரியாத்தான் போட்டிருக்கிறியள்," என்றான்.