பல்லக்கா கேட்ட பாட்டு

என் அக்கா பல் செய்கிறவள். வாயைத் திறக்கச் சொல்லி மாட்டிவிடுவது டாக்டரின் வேலை. மாட்டுகிற பல்செட்டைச் செய்வது அவள் வேலை. மருத்துவமனைக்குப் பின்னால் ஒற்றை ஜன்னல் வைத்த லேப் அறையில், யார் யாருடைய ஈறுகளோ பிளாஸ்டர் அச்சுகளாக வரிசையில் நிற்க, அவள் ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டிருப்பாள். கடைவீதியில் யாராவது அவளைப் பார்த்துச் சிரித்தால், பதிலுக்குச் சிரிக்காமல் வாயையே உற்றுப் பார்ப்பாள். "நம்ம வேலைதான்," என்பாள் என்னிடம் மெதுவாக.

அவள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அவளைப் பற்றி எழுதத் தொடங்கினால் ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டையும் தனியாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

லேப்பில் பாலிஷ் மெஷின் ஒன்று உண்டு. அது ஓடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ரேடியோவில் என்ன பாட்டு வந்தாலும் அதை விழுங்கிவிடும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ விட்டுப்போன அந்தக் குழுவின் கேசட்டைப் போட்டாளாம். மெஷின் கத்திக்கொண்டே இருக்க, அதற்கு மேலே பாட்டு கேட்டதாம். "மெஷினையே ஜெயிச்சுட்டானுங்கடீ," என்று அன்று வீட்டுக்கு வந்து சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. யாரோ சொந்தக்காரர் தேர்தலில் ஜெயித்ததுபோல் அவ்வளவு பூரிப்பு.

அதன் பிறகு அந்தக் குழு எந்த ஊர் மேடையில் ஏறினாலும் அவள் கீழே நின்றாள். "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்," என்றாள் அம்மா. கல்யாணம் ஆனது. மாமாவும் சேர்ந்து போக ஆரம்பித்தார். மாமா இறந்த பிறகு அவருடைய டிக்கெட் வீணாகக் கூடாதென்று நான் போனேன், இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு.

அங்கே யாருக்கும் யாருடைய பெயரும் தெரியாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வழக்கமாக நிற்கும் ஒல்லியான மனிதர் தபால்காரர். அக்கா அவரைத் தபால் என்பாள். அவர் அவளைப் பல்லக்கா என்பார். அந்தப் பெயர் கூட்டம் முழுக்கப் பரவிவிட்டது. "பல்லக்கு மாதிரி பேரு கிடைச்சிருக்கு, தூக்கத்தான் ஆளில்ல," என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவர்கள் எல்லாரும் காத்திருப்பது ஒரு பாட்டுக்காக. நெடுநாள் கழித்து வீடு திரும்பியவன் மூடிய கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிற பாட்டு. இரண்டாம் சரணம் முடிந்ததும் டிரம்ஸ் சட்டென்று நிற்கும். பாடகர் மைக்கை எங்கள் பக்கம் நீட்டி, "இருக்கீங்களா?" என்று கேட்பார். "இருக்கோம்!" என்று மொத்தக் கூட்டமும் கத்தும். கேள்வியும் பாட்டில் கிடையாது, பதிலும் கிடையாது. எப்போதோ ஒரு மேடையில் கரண்ட் போய், இருட்டில் பாடகர் அப்படிக் கேட்கப்போய் ஒட்டிக்கொண்ட வழக்கம் என்பார் தபால்காரர். கத்தி அடங்கும் வரை குழு பொறுமையாக நிற்கும். பிறகுதான் மூன்றாம் சரணம்.

பாடகருக்கு வயதாகிவிட்டது. இனி பயணம் இல்லை, இதுதான் கடைசிச் சுற்று என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை, போதும் என்று தோன்றியிருக்கிறது. கடைசி நாளன்று "இருக்கோம்" என்ற சத்தம் அடங்கவே இல்லை. பாடகர் மூன்றாம் சரணத்தை இரண்டு முறை ஆரம்பித்துப் பார்த்து, முடியாமல் சிரித்தார். அக்கா அழவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "நல்லா வழியனுப்பிட்டோம்," என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போன முதல் நாளே வழக்கம்போல் பாட்டைப் போட்டிருக்கிறாள். இரண்டாம் சரணம் முடிந்தது. அவளை அறியாமல் வாய் திறந்து, "இருக்கோம்!" என்று கத்திவிட்டாள். ஆனால் கேசட் யாருக்காகவும் நிற்காது. அதில் டிரம்ஸ் நிற்பது கண் சிமிட்டும் நேரம்தான். அவள் கத்தி முடிப்பதற்குள் மூன்றாம் சரணத்தில் பாதி ஓடிவிட்டது.

லேப் முதலாளி தலையைத் தூக்கி, "யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"யாரும் இல்ல சார்," என்று சொல்லிப் பாட்டை அணைத்துவிட்டாள்.

அதோடு பாட்டு நின்றது. லேப்பிலும் சரி, வீட்டிலும் சரி. கேசட்டுகள் அலமாரியில் அப்படியே இருந்தன. துடைத்து வைப்பாள், போடமாட்டாள். நானாகப் போடப் போனால், "வேண்டாம்டீ," என்பாள். எத்தனையோ வருஷம் பஞ்சோடு நின்ற எனக்கே வீடு வெறிச்சென்று இருந்தது.

முதலாளிக்கும் பொறுக்கவில்லை. ஒருநாள் நான் சாப்பாடு கொடுக்கப் போனபோது, அவள் செய்து வைத்திருந்த செட் ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "பாரும்மா. கடிக்கிற பொருத்தம் சரி, நிறம் சரி. ஆனா உங்கக்கா பாட்டை நிறுத்தினதுலேர்ந்து பல்லெல்லாம் முறைக்குது. இதை மாட்டிக்கிட்டு மனுஷன் எப்படிப் பொண்டாட்டிகிட்ட பேசுவான்?"

"இதை மாட்டாமலே அவர் முறைச்சுக்கிட்டுத்தான் பேசுவாராம் சார். அவர் சம்சாரமே சொன்னாங்க," என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னாள். "பயமா இருக்குடீ."

"என்ன பயம்?"

"நான் பாட்டுக்காகத்தான் போனேனா, இல்ல போறதுக்காகத்தான் பாட்டு கேட்டேனா? எப்ப போட்டாலும் அடுத்த ஷோ எப்பன்னுதான் மனசு ஓடும். இனிமே அடுத்தது இல்ல. இப்பப் போட்டு, அதுல ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுச்சுன்னா? இத்தனை வருஷமும் வெறும் கத்தலுக்கா போனோம்னு ஆயிடும்ல?"

"போட்டாத்தானே தெரியும்," என்றேன்.

"அதான் போடல."

அவள் அப்படித்தான். ஒரு செட் வாயில் சரியாக உட்காருமா என்ற சந்தேகம் வந்தால், இரண்டு நாள் அதைத் தொடாமல் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அப்புறம் தபால்காரருக்கு மேல்வரிசைப் பல் போனது. அச்சு வந்தபோது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. செட்டை மாட்டிய டாக்டர், பேச்சில் விசில் அடிக்கிறது, கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள் என்று ஆளையே லேப்புக்கு அனுப்பிவிட்டார். நான் அன்று அவளை அழைத்துப்போக வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"பல்லக்கா! நம்ம வாய்க்குள்ள இருக்குறது உங்க கைவேலையா?" என்றார் உள்ளே வந்தவர். அவர் உதட்டிலிருந்து மெல்லிய விசிலும் கூடவே வந்தது.

"தபாலா! தெரிஞ்சிருந்தா ரெண்டு பல்லு கூட வச்சிருப்பேனே. உட்காருங்க. எங்க விசில் அடிக்குதுன்னு பார்க்கணும், ஏதாவது பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது பேசுங்க. வாயத் திறந்தா மூட மாட்டீங்களே."

மனிதர் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு அந்தப் பாட்டையே பாட ஆரம்பித்தார். குரலென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 'ச' வருகிற இடமெல்லாம் விசில் அடித்தது. அக்கா குனிந்து அவர் வாயைக் கவனித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் சரணம் முடிந்தது. அவர் நிறுத்தினார். அந்த இடத்தில் நிறுத்தாமல் பாட அவருக்குத் தெரியாது.

அவர் காத்திருந்தார்.

"இருக்கோம்," என்றாள் அக்கா. கத்தவில்லை, அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள்.

அவர் மூன்றாம் சரணத்தைப் பாடி முடித்தார். அக்கா செட்டைக் கழற்றி வாங்கி, முன்பற்களுக்குப் பின்னால் இருந்த தடிப்பைக் கொஞ்சம் ராவி, கழுவி, திரும்ப மாட்டினாள். "இப்பப் பாடுங்க," என்றாள். பாடினார். விசில் போய்விட்டது. "இன்னொரு தடவை," என்றாள். அந்த இன்னொரு தடவை பல்லுக்கு இல்லை என்பது எனக்கே தெரிந்தது. முதலாளிகூடக் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டார்.

மறுநாள் விடுமுறை. காலையில் துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா எழுந்துபோய் கேசட்டைப் போட்டாள். மடித்து வைத்த துண்டை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழக்கதோஷத்தில் கத்திவிடக் கூடாதே என்றுதான். இரண்டாம் சரணம் முடிந்தது, டிரம்ஸ் நின்றது, பாட்டு ஓடியது. அவள் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏய், அங்க ஏதோ இருக்குடீ."

திரும்பச் சுற்றிப் போட்டாள். டிரம்ஸ் நின்ற அந்தச் சின்ன இடைவெளியில் பேஸ் கிட்டார் மட்டும் சுரம் சுரமாகக் கீழே இறங்குகிறது. மாடிப்படியில் யாரோ மெதுவாகக் கால் வைத்து வருகிற மாதிரி. வெளியே நின்று கூப்பிடுகிறவனுக்குக் கதவைத் திறக்க உள்ளே யாரோ வருகிறார்கள். இத்தனை வருஷமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. கேசட்டில் போட்டாலும் அந்த இடம் வந்ததும் அவள் மனசுக்குள் கூட்டம் கத்திவிடும். மேடையில் பேஸ் கிட்டார்காரர் அதை வாசித்தாரா என்றே எங்களுக்குத் தெரியாது. கேட்க யார் விட்டோம்?

அன்று முழுக்க அதே பாட்டுதான். அக்கா முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. மேடைக்குக் கீழே இருந்த முகம் இல்லை அது. ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்ட நிம்மதி. "பாட்டுக்காகத்தான்டீ போயிருக்கோம்," என்றாள் மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தபோது. "நமக்குத்தான் தெரியல."

சாயங்காலம் தபால்காரருக்கு ஃபோன் போட்டுச் சொன்னாள். அவர் வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டு, ஆமாம், இரண்டு படி இறங்குகிறது என்றார். "ரெண்டா? மூணு! பல்லு கட்டிக்கிட்டீங்க, காதும் கட்டிக்கணும் போல," என்றாள் அக்கா. அதிலிருந்து அவள் இருக்கும் வரை எப்போது பேசினாலும் அந்தச் சண்டை நடந்தது. லேப்பில் மறுபடியும் பாட்டு ஓடியது. அந்த இடம் வரும்போது மட்டும் பாலிஷ் மெஷினை அணைப்பாள்.

போன வாரம் தபால்காரர் வந்திருந்தார். நான் பாட்டைப் போட்டேன். இருவரும் கேட்டோம்.

"ரெண்டுதாம்மா," என்றார் அவர், மெதுவாக.

"இல்லங்க, மூணு," என்றேன். "கடைசிப் படி கொஞ்சம் லேசா விழுது. திரும்பப் போடறேன், கேளுங்க."