மஞ்சள் பட்டை போட்ட டாப்

புற்றுநோய்க்காக இடது மார்பை எடுத்த பிறகு, பல மாதங்கள் நான் வெளியே தலைகாட்டவில்லை. வேலை பார்த்த பனியன் கம்பெனியில் மறுபடி கூப்பிட்டார்கள். போட்டுக்கொள்ள டாப் வாங்கக் காதர்பேட்டையில் ஒரு துணிக்கடைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் மறைக்கட்டும் என்று தொளதொளவென்ற கறுப்பு டாப்பைப் போட்டேன். கண்ணாடியில் ஒரு பக்கம் தட்டையாகவே தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

கடைப்பெண் கவனித்துவிட்டார். ஒன்றும் கேட்காமல் வேறொரு டாப்பை நீட்டினார். வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குச் சாய்வாக ஒரு மஞ்சள் பட்டை. இடது பக்கம் நெருக்கமாகச் சுருக்கம் வைத்துத் தைத்திருந்தது.

"இதைப் போடுங்கக்கா. பாக்கறவங்க கண்ணு பட்டையோடயே போயிருமுங்க. சுருக்கம் இருக்கறதால இந்தப் பக்கம் நிறைவாத் தெரியுமுங்க."

போட்டேன். என் கண்ணே அந்தப் பட்டையோடுதான் போனது.

"எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"எங்கக்காவுக்கும் இதே ஆபரேஷன்தானுங்க. இப்பத் தினமும் வேலைக்குப் போறா."

திங்கட்கிழமை கம்பெனியில் பக்கத்து மேசைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் கையை இடது பக்கம் மறைவாக வைத்துக்கொண்டேன்.

"டாப் சூப்பருங்கக்கா! எங்க எடுத்தீங்க?"

என் உடம்பு பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் அதை நினைத்துக்கொண்டே இருக்காத ஒரு நாள் எனக்குக் கிடைத்தது. அன்று மதியம் எல்லோரோடும் உட்கார்ந்து, சிரித்துப் பேசிச் சாப்பிட்டேன்.