அமலா அக்கா வேண்டாமென்ற வண்டி

செய்தி வந்தபோது பேருந்து மாத்தூரில் நின்றிருந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி. அமலா அக்கா காலமானார், அடக்கம் மாலை நான்கு மணிக்கு, ஆவூரில். மாத்தூர்தான் அவர் தினமும் இறங்கும் நிறுத்தம். நடத்துநர் விசில் கொடுக்கவில்லை. அவரும் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் ஏழு இருபது வண்டியில் ஏறும் நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அமலோற்பவம், ஐம்பது தாண்டியவர். மாத்தூரில் இரும்புத் தொட்டிகள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை. வெல்டிங் செய்த இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்பவர். கணவர் இறந்து நாளாகிறது. பிள்ளைகள் இல்லை. நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். படுக்கையில் கிடக்கவில்லை. அதை அவர் நல்லது என்றுதான் சொல்லியிருப்பார்.

என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை என் சாப்பாட்டு டப்பாவைப் பற்றியது. பையிலிருந்து அதை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். சாம்பார் அவர் சேலையிலேயே சொட்டியது. அவர் கோபப்படவில்லை.

"பாத்தியா தம்பி. சாம்பார்ங்கறதால பரவால்ல. ரசமா இருந்தா ஒம் பைக்குள்ள குளிச்சிருக்கும்."

மறுநாள் எனக்கு ஒரு ரப்பர் வளையம் கொண்டுவந்தார். அந்த டப்பா அதற்குப் பிறகு ஒழுகவே இல்லை.

இனி அவர் வேண்டாமென்ற வண்டி.

எங்கள் ஊர் குளத்தூர்ப் பக்கம். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வழிந்து சாலையின் மேல் ஓடும். ஊருக்கு இருக்கும் ஒரே சாலை. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நான்கைந்து நாட்கள் யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கவிதாவுக்குக் கார்த்திகையில் பிரசவ நாள் குறித்திருந்தார்கள். அவள் என் மனைவி. அவளுக்கு அம்மா இல்லை. அப்பா இன்னொரு குடும்பத்தோடு எங்கோ இருக்கிறார்.

முன்பே வெளியே போய்த் தங்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. முதுகலை படித்தவன். ஆனாலும் தோன்றவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். தாய்வீடு இல்லாதவள் இருக்கிற இடத்தில் இருப்பாள். ஊர் அப்படித்தான் யோசிக்கும். நானும் ஊர்தான்.

அப்போதுதான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். நிலத்திலும் தண்ணீரிலும் ஓடும் பழைய வண்டி. ஆறு சக்கரம். அடிப்பாகம் படகு மாதிரி, முழுக்க இரும்புத் தொட்டி. மூடிக் கிடந்த ஒரு கல்குவாரியின் கொட்டகையில் பல வருடங்களாக நின்றது. எனக்கு வழி திறந்த மாதிரி இருந்தது. அமலா அக்காவிடம் காரணத்தைச் சொல்லவில்லை. இந்த மாதிரி வண்டி மேல் ரொம்ப நாள் ஆசை என்று மட்டும் சொன்னேன்.

"தண்ணில போற வண்டியா? ஞாயித்துக்கெழமை பூசை முடிச்சிட்டு வாரேன்" என்றார்.

ஒரு வாளி சுண்ணாம்பு, ஒரு கேன் மண்ணெண்ணெய், பூசுவதற்கு மட்டை, தூரிகை. ஒரு திருவிழாவுக்குப் போவதுபோல வந்தார். குவாரியின் காவல்காரர் கருப்பையா எங்களை வரவேற்றார். வண்டியின் மேல் படர்ந்த கொடியை இழுத்துப் போட்டார். இருக்கையின் பஞ்சுக்குள் எலிக்குஞ்சுகள்.

"தண்ணில விட்டா மீன் மாதிரி போகும்ங்க."

"எப்பங்க போச்சு?" என்றார் அக்கா.

"மொதலாளி சொல்லுவாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் வந்து பத்து வருசந்தானே ஆச்சு."

எஞ்சின் உயிர் பெறவில்லை. நான் முகம் சுளித்தேன். அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை. "எஞ்சின் நின்னா தள்ளலாம் தம்பி. தொட்டி ஓட்டையானா நீந்தணும்."

ஜாக்கி வைத்து, கல் அடுக்கி வண்டியை ஒருபக்கமாகத் தூக்கினோம். அடியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினோம். வெளிப்பக்கத்து இணைப்புகளின் மேல் அக்கா சுண்ணாம்பு பூசினார். அது காய்ந்ததும் உள்பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றினார். ஓட்டை இருந்தால் எண்ணெய் ஊடுருவி வெள்ளையில் கறுப்புப் பொட்டாகத் தெரியும். அவ்வளவுதான் சோதனை. ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்து அக்காவைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டுநர் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்தார். அது சுற்றவில்லை. ஆனாலும் வளைவுகளில் சாய்ந்தார்.

"போட்டோ எடு தம்பி. சக்கரம் தெரியணும்."

எடுத்தேன்.

"கண்மாய்ல ஒரு ரவுண்டு போனா எப்புடி இருக்கும்! கரையில நின்னு ஊரே பாக்கும்ல. கருப்பையாண்ணே, நீங்க இங்கிட்டு ஏறுங்க."

"ஆத்தாடி, நான் வரலைங்க."

"மீன் மாதிரி போகும்னீங்க?"

அவருக்கு அந்த வண்டியின் மேல் உண்மையாகவே ஆசை வந்திருந்தது. என்னைவிட அதிகமாக. இதைச் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன்.

அவர் கீழே இறங்குவதற்குமுன் நான் குனிந்து பார்த்தேன். நடு அச்சு நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு. மிளகு அளவு. வாளியில் விரலை விட்டு அதன் மேல் கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவிவிட்டேன். ஏன் செய்தேன் என்பது அந்த நொடியிலேயே தெரியும். அந்த வண்டி மிதக்க வேண்டும். மிதந்தே ஆக வேண்டும்.

அக்கா வந்து பார்த்தபோது பொட்டு மறுபடியும் வந்திருந்தது. இப்போது மிளகு அல்ல, நாணயம். வேறு இடங்களிலும். அவர் என் விரலைப் பார்த்தார்.

"மண்ணெண்ணெய்க்கு வெக்கம் கெடையாது தம்பி. தொடச்சா திரும்ப வரும்."

நான் விரலைச் சட்டையில் துடைத்தேன்.

"பட்டறையில பசங்க இப்புடிச் செய்வானுங்க. அவனுங்களுக்கு லோடு போவணும். ஒனக்கு என்ன அவசரம்? இதுல யாரு ஏறப்போறா?"

சொன்னேன். கவிதா, கார்த்திகை, கலிங்கு, தண்ணீர்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். சற்று நேரம் வண்டியைப் பார்க்காமல் குவாரிக் குழியில் தேங்கியிருந்த பச்சைத் தண்ணீரைப் பார்த்தார்.

"ஓட்டைய அடைக்கலாம். ஒரு மாசத்துல நானே அடைச்சுத் தருவேன். ஆனா வலி வந்த பொம்பளைய இதுல ஏத்தச் சொல்ல மாட்டேன். வேணாம்."

கருப்பையா இடையில் வந்தார். "வெலையக் கொறச்சுக்கலாம்ங்க."

"ஓட்டையக் கொறப்பீங்களாண்ணே?"

திரும்பும் வழியில் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தார். கீரனூர் நெருங்கும்போது, "எம் வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்றார். "தண்ணி வர்றதுக்கு முன்னாடி புள்ளய இங்கிட்டுக் கொண்டாந்து விடு. தண்ணி பாட்டுக்குப் போகட்டும்."

என் அம்மா ஒப்பவில்லை. மருமகள் பிள்ளை பெற வேற்று வீட்டுக்குப் போவதா? ஊர் என்ன கேட்கும்? நான் வாதாடித் தோற்றேன். படித்த வார்த்தைகளால் வாதாடினேன், அதனால் தோற்றேன்.

வளைகாப்பு அன்று அமலா அக்கா வந்தார். அழைப்பு கொடுத்திருந்தோம், ஆனால் அப்படி வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. ஐந்து தட்டு. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, பழம், வளையல். கூடவே ஆட்டோ. வாசலில் நின்று என் அம்மாவிடம் சொன்னார்.

"நான் பொண்ணு வீட்டு ஆளுங்க மதினி. கூட்டிக்கிட்டுப் போக வந்துருக்கேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தில் சிலுவை. கையில் வெண்கலத் தட்டு. முறையோடு வந்தவரைத் திருப்பி அனுப்ப என் அம்மாவுக்குத் தெரியாது. "உள்ள வாங்க" என்றார். "வெயில்ல நிக்காதீங்க."

அந்த வீட்டில் கவிதா ஏறத்தாழ மூன்று மாதம் இருந்தாள். முதல் மழையிலேயே சமையலறைக் கூரை ஒழுகியது. மூன்று இடம். கவிதா பாத்திரம் வைத்துவிட்டுச் சிரித்தாளாம்.

"ஊரு ஓட்டையெல்லாம் பாக்குறீங்க. இது தெரியலையாக்கா?"

"இதுக்கு யாரும் ஆர்டர் குடுக்கலடி."

கார்த்திகையில் கலிங்கு வழிந்தது. ஐந்து நாள் சாலை தெரியவில்லை. மூன்றாம் நாள் கவிதாவுக்கு வலி வந்தது. அக்கா வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏறிப் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி. அவள் பிரசவத்தில் வேறொன்றும் நடக்கவில்லை. சொல்லிக்கொள்ள ஒரு கதைகூட இல்லை. என் மகளுக்கு இப்போது மூன்று வயது.

அந்த வண்டியை யாரோ வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். அக்காவிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சின்ன வருத்தம். "ஒரு ரவுண்டாவது போயிருக்கலாம்" என்றார். "நீச்சல் தெரிஞ்சவங்களா பாத்து."

ஆவூரில் மண் போட்டுவிட்டு வந்த பிறகு பல நாள் யோசித்தேன். அவரிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது? அந்தப் புகைப்படம் கவிதாவிடம் இருக்கிறது. அவர் கூர்மை எனக்கு வரவில்லை. நான் இன்னும் நம்ப விரும்புவதைத்தான் நம்புகிறேன்.

இப்போது நாங்களும் கீரனூரில் இருக்கிறோம், வாடகை வீட்டில். ஊரில் எங்கள் பழைய தெருவில் செல்வி என்றொரு பெண். காதல் திருமணம். பிறந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. எட்டாம் மாதம். போன ஞாயிற்றுக்கிழமை கவிதா ஐந்து தட்டு எடுத்து வைத்தாள். நான் ஆட்டோ சொன்னேன். செல்வியை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

தண்ணீர் வருமுன் ஆளைக் கூட்டி வந்துவிடுவது. நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்.

இதை எழுதும்போது பக்கத்து அறையில் செல்வி பகல் தூக்கத்தில் இருக்கிறாள். மழை இன்னும் தொடங்கவில்லை.