குண்டு பல்பும் குட்டி ஆலமரமும்

மரத்துக்கும் குளிரும் என்று நம்பிய ஆள் நான். மாடியில் குடியிருந்த ஒல்லி மனிதர், தட்டில் போன்சாயாக வளர்த்த முழ உயர ஆலமரத்தை என்னிடம் ஒப்படைத்து ஊருக்குப் போனார். அதனிடம் "சாப்டியாமா?" என்று கேட்காமல் காபி குடிக்கமாட்டார்.

கார்த்திகை மழையில் நாலு இலை உதிர்ந்ததும் குளிர்தான் காரணம் என்று முடிவுகட்டினேன். ஈரத்தில், தறியில் நீளவாக்கில் கட்டிய பட்டுப் பாவு நூல் தொய்ந்தால், தறிக்கடியில் குண்டு பல்பு எரியவிட்டுக் காயவைப்பது நெசவாளிகளான எங்கள் வழக்கம். மரத்துக்கும் எரியவிட்டேன். மிச்ச இலையும் கொட்டியது. இன்னொரு பல்பு போட்டேன்.

திரும்பி வந்தவர், "இன்னாபா இது?" என்றார்.

"குளிருச்சுணா, அதான்."

"போர்வை போத்தலையா?"

"போத்துனேன்ணா. நழுவிக்கினே இருந்துது."

சிரித்துவிட்டார். பிறகு நகத்தால் கிளையைக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சையே இல்லை. நான் போய் இரண்டு பல்பையும் அணைத்தேன். அவர் கடைசிவரை திட்டவில்லை. ஏனென்று இன்றும் புரியவில்லை. பல்புச் சூட்டில் மரம் செத்துப்போயிருந்தது.