கண்ணாடி வீட்டில் ஓர் ஊதுபத்தி

ஊதுபத்தியைக் கண்ணாடி விளிம்போரமாக எறும்பு வேகத்தில் நகர்த்திக்கொண்டு போகிறார் அலோசியஸ். சாமி கும்பிட அல்ல. இடுக்கு இருந்தால் காற்று புகும், புகை வளையும். வளைந்த இடத்தில் பென்சிலால் ஒரு சிலுவை போட்டு, "இந்தா இருக்கான் கள்ளன்" என்பார். பிறகு பசை வைத்து அடைப்பார்.

இலங்கை மலையகத்து வட்டகொடைக்காரர். மரக்கறித் தோட்டங்களுக்குப் பிளாஸ்டிக் கூடாரம் கட்டிப் பேர் வாங்கியவர். இப்போது தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கட்டும் இந்தக் கண்ணாடி வீடு வேறு ரகம். மரபணு மாற்றிய தேயிலைக் கன்றுகளை இதற்குள் வளர்த்துப் பார்க்கப் போகிறார்கள். கதவுக்குப் பின்னால் கதவு. காற்றுகூட வடிகட்டி வழியாகத்தான் வரவேண்டும். அந்தச் செடி நல்லதா கெட்டதா என்று தெரியும்வரை துளி மகரந்தம் வெளியே போகக் கூடாது.

போன மாதம் இவரே ஒரு காரியம் செய்தார். கூரை முகட்டடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிட்டார். மறதி இல்லை, இரக்கம். தோட்டத் தொழிலாளர் லயத்தில், புகை போக வழியில்லாத ஒற்றை அறையில் கண் எரிய வளர்ந்த மனிதர். எந்தக் கூரையிலும் அவர் கை தானாகவே அப்படி ஓர் இடைவெளி விடும். பொறுப்பாளர் ஷிராணி மிஸ் கேட்டதற்கு, "எல்லாத்தையும் அடைச்சா செடிக்கு மூச்சு முட்டாதுங்களா மிஸ்?" என்றார். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. எதிர் மலையைக் காட்டினார்.

"இதால தேனீ போய் வந்தா போதும். அங்க இந்த மகரந்தம் கலந்துடுச்சுன்னு பேச்சு கெளம்பினாலே அந்தக் கொழுந்த யாரும் வாங்க மாட்டாங்க."

அந்த மலையில்தான் அலோசியஸின் மனைவி அந்தோனியம்மா கொழுந்து பறிக்கிறாள். அன்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. முகட்டை முழுசாகப் பிரித்து மறுபடி கட்டினார்.

நாளைக்குக் கன்றுகள் வருகின்றன. இன்று கடைசிச் சோதனை. வெளிக்கதவைச் சாத்தப் போனபோது, கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு அந்தோனியம்மா வந்து நின்றாள்.

"ஏங்க, உள்ள வந்து பாக்கட்டா?"

"வராத! ஒன் சேலையெல்லாம் தேயிலத் தூசி. அங்கனயே நில்லு."

"பெரிய அரமன கட்டிட்டாரு" என்று முனகினாளே தவிர, போகவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

இரண்டு கதவையும் சாத்திவிட்டு ஏணியில் ஏறி, அந்த முகட்டடியில் ஊதுபத்தியை நீட்டினார். புகை லேசாக நெளிந்தது. பென்சிலைத் தேடிய கை பாதியில் நின்றது. தன் மூச்சுக் காற்றாகவும் இருக்கலாமே. பிறகு வாயை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி நீட்டினார். புகை நூல் பிடித்தாற்போல் நேராக ஏறியது.

அப்போதும் அவர் மூச்சு விடவில்லை.